மலையில் மூடிக் கிடக்கும் ஆலை நிலம்: சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தத் திட்டமிடுவது எப்படி?

ஊட்டியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஓர் ஆலை மூடப்பட்டால் ஊரில் முதலில் கிளம்பும் பேச்சு, "அந்த இடத்துல அடுத்து என்ன வரப்போகுது?" என்பதுதான். ரிசார்ட், கல்லூரி, பூங்கா, ஐ.டி. பார்க் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்ற கேள்வி பிளான் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் வரும். அதற்குள் நிலம் இரண்டு கை மாறியிருக்கும்.

இது அந்தக் கேள்வியை முன்னாலேயே கேட்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், நிலத்தை வாங்கப்போகிறவர், பக்கத்து எஸ்டேட்காரர், சிவில் படிக்கும் மாணவர் என யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியில், "இந்த நிலத்தில் யார் இருக்கப்போகிறார்கள்?" என்று கேட்டு, அதற்கேற்ப எவ்வளவு சுத்தம் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். மலையில் அது போதாது. இங்கே "இந்த நிலத்துத் தண்ணீர் எங்கே இறங்குகிறது?" என்பதை முதலில் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இதையொட்டித்தான் போகும்.

கொடைக்கானல் கதை, சுருக்கமாக

பழனி மலையில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலையில், பாம்பார் சோலை என்ற மலைக்காட்டை ஒட்டிய மேட்டில், 1980களில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த இயந்திரங்களை இங்கே கொண்டுவந்து பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது. பிறகு அது இந்துஸ்தான் யூனிலீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. மண்ணைச் சுத்தம் செய்வது குறித்த வாதமோ, ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கடந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைப் பற்றி. அதைப் படி 6இல் சொல்கிறேன்.

படி 1: காகிதத்தையும் பழைய ஆட்களையும் தேடுங்கள்

மண்ணைத் தொடும் முன் காகிதம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று. மலையில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: நிலம் வனத்துறைக் குத்தகையா, வருவாய் நிலமா? கூடலூர்ப் பக்கம் என்றால் ஜென்ம நிலம் எனப்பட்ட பழைய நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிக்கல் வேறு இருக்கலாம். நிலம் யாருடையது என்று தெரியாமல் சுத்தம் செய்யும் செலவை யார் தலையில் வைப்பது?

அடுத்து ஆலையின் காகிதங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கொடுத்த இசைவாணைகள், கட்டட வரைபடம், வடிகால் வரைபடம், கொள்முதல் பதிவேடு. இதில் கொள்முதல் பதிவேடுதான் தங்கம். உள்ளே வந்த மூலப்பொருளில் இருந்து, பொருளாக வெளியே போனதையும் கழிவாகக் கணக்குக் காட்டியதையும் கழியுங்கள். மிச்சம் எங்கே போனது? ஆவியாகவோ தண்ணீரிலோ மண்ணிலோ போயிருக்கும், வேறு வழியில்லை. இந்த எளிய கழித்தல் கணக்கைச் செய்யாமலேயே லட்சக்கணக்கில் செலவழித்து ஆய்வைத் தொடங்குகிறவர்கள் நிறைய.

பிறகு ஆட்கள். மேலாளரை விட, வடிகால் அடைத்தபோது குத்திவிட்டவர், உடைந்த சரக்கை எங்கே புதைப்பது என்று சொல்லப்பட்டவர், இரவு ஷிப்டில் தொட்டியைத் திறந்துவிட்டவர் ஆகியோருக்குத்தான் உண்மையான வரைபடம் தெரியும். அவர்களை நிலத்துக்கே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் பாதிதான் நினைவுக்கு வரும்.

எதைத் தேடுவது என்பது தொழிலைப் பொறுத்தது. தெர்மாமீட்டர் என்றால் பாதரசம். ஃபிலிம் தொழில் என்றால் வெள்ளி உப்புகள், கரைப்பான்கள், டெவலப்பர் ரசாயனங்கள்; 1960இல் ஊட்டியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் போன்ற ஆலையின் வளாகத்தை ஆராய்பவர் இந்தப் பட்டியலோடுதான் தொடங்குவார். மண்ணில் அவை இருக்கின்றனவா, எவ்வளவு என்பதைச் சாம்பிள்தான் சொல்லும். மரத்துக்கு மருந்தேற்றிய இடம் என்றால் தாமிரம், குரோமியம், ஆர்சனிக். முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியம், நிக்கல்.

நீலகிரியில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது இவை எதுவும் இல்லை. மூடிய டீ ஃபேக்டரிகள்தான். அங்கே ஃபர்னஸ் ஆயில் தொட்டியின் கசிவு, ஜெனரேட்டர் டீசல், பாய்லர் சாம்பல் குவியல், பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பெரிய செய்தி ஆகாத மாசு. கீழே குடிநீர் ஊற்று இருந்தால் அதுவும் போதும்.

படி 2: மழையில் நடந்து பாருங்கள்

வெயிலில் பார்த்தால் நிலம் பொய் சொல்லும். நல்ல மழை பெய்யும்போது குடையோடு போங்கள். மேல்பக்கத்தில் எங்கிருந்து தண்ணீர் வளாகத்துக்குள் நுழைகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது, எந்த ஓடையில் சேர்கிறது, அந்த ஓடையில் முதல் குழாயை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுவரை கூடவே இறங்குங்கள். கேரட் கழுவும் இடம், மாடு குடிக்கும் குட்டை, சதுப்பு, ஊற்று எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.

மலையில் நிலத்தடி நீர் என்றால் போர்வெல்லை மட்டும் நினைக்க வேண்டாம். மேலே தடித்த செம்மண், அடியில் சிதைந்த பாறை, அதற்கும் அடியில் கெட்டிப் பாறை. மழைநீர் சிதைந்த பாறை வழியாகச் சரிவில் இறங்கி, அடிவாரச் சதுப்பில் ஊற்றாக வெளியே வரும். வளாகத்துக்குள் நான்கு போர்வெல் போட்டு "நீர் சுத்தம்" என்று எழுதிய அறிக்கை, அந்த ஊற்றைச் சோதிக்கவில்லை என்றால் பாதி அறிக்கைதான்.

பாம்பார் சோலையின் தண்ணீர் கும்பக்கரை வழியாக வைகைப் படுகைக்குப் போகிறது. கொடைக்கானலில் ஒரு மேட்டில் நடப்பது பெரியகுளம் பக்கத்துக்காரருக்கும் விஷயம்தான். அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும்.

படி 3: திட்டம் வரும்வரை காத்திராமல் ஒழுக்கை நிறுத்துங்கள்

முழுத் திட்டம் ஒப்புதலாக ஆண்டுகள் ஆகும். மழை காத்திருக்காது. வளாகத்தின் மேல் எல்லையில் ஒரு வெட்டு வாய்க்கால் போட்டு, வெளியே இருந்து வரும் நல்ல தண்ணீரைச் சுற்றி அனுப்புங்கள். கீழ் எல்லையில் வண்டல் தடுப்புத் தொட்டிகள். திறந்து கிடக்கும் குவியல்களுக்குத் தார்ப்பாய். கம்பி வேலி, எச்சரிக்கைப் பலகை. தொட்டியில் சேரும் வண்டலும் மாசுக் கழிவுதான். அதை அள்ளிப் பக்கத்துத் தோட்டத்தில் கொட்டிவிடக் கூடாது. நடப்பதைத்தான் சொல்கிறேன்.

காயலான் கடைக்குப் போகும் வண்டியை நிறுத்துவதும் இந்தப் படியிலேயே. இயந்திரம், குழாய், மரப்பலகை எதுவும் சோதிக்காமல் வெளியே போகக் கூடாது.

படி 4: சட்டம் எங்கே நிற்கிறது

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட தளங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வும், அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வும் செய்து, மாசு உண்டா இல்லையா என்று உறுதிசெய்ய வேண்டும். மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும். அவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை அல்லது அவரால் முடியவில்லை என்றால்தான் அரசுப் பணம். சுரங்கம், கதிரியக்கக் கழிவு, ஊர்க் குப்பைமேடு ஆகியவை இதில் வராது. எனவே ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, உங்கள் இடம் அந்தப் பட்டியலில் ஏறியதா என்று கேட்டு வாங்குங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

மலைக்கென்று தனியாகச் சில: 1990இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல், மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி, நீலகிரியில் ஜேசிபி இறக்க ஆட்சியரின் அனுமதி. சுத்தம் செய்யத்தானே தோண்டுகிறோம் என்று நினைத்து இதை விட்டுவிட்டால் வேலை பாதியில் நிற்கும். திறந்துவிட்ட குழியில் மழை இறங்கும்.

படி 5: சாம்பிள் எடுப்பது

அறிக்கைகள் தடம் புரள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வளாகம் முழுவதும் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று என்பது அடிப்படை. அதோடு, படி 1இல் தொழிலாளர்கள் காட்டிய இடங்கள், வடிகால் ஓரம், தொட்டி அடி, பின்வாசல், கழிவு குவித்த மூலை ஆகியவற்றில் நெருக்கமாக எடுக்க வேண்டும். மேல் 15 சென்டிமீட்டர் தனி. அதற்குக் கீழே அடுக்கடுக்காகச் சிதைந்த பாறைவரை தனி. ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒன்றாக்கிச் சோதித்தால் செலவு குறையும், ஆனால் விஷமான ஓரிடம் நல்ல நான்கில் கரைந்து காணாமல் போகும். முதல் சுற்றில் கலவைச் சாம்பிள் வேண்டாம் என்பது என் கருத்து.

பாதரசத்துக்குத் தனிக் குணம் உண்டு. உலோகமாகச் சிந்தியது மண்ணில் சிறு மணிகளாக ஒளிந்திருக்கும். ஒரு கைப்பிடி மண்ணில் கிலோவுக்கு 2 மி.கி. என்று வரும்; அரை அடி தள்ளி எடுத்தால் 200 வரும். ஆய்வகத்தின் பிழை என்று நினைக்க வேண்டாம். இரட்டைச் சாம்பிள் எடுங்கள், சராசரியை மட்டும் பார்க்காமல் அதிகபட்சத்தையும் கேளுங்கள். கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்து, 28 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும். கையில் பிடித்து அளக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி காரீயம், தாமிரத்துக்கு நன்றாக உதவும். குறைந்த அளவுப் பாதரசத்துக்கு அதன் கண் எட்டாது, ஆய்வகம்தான். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் அந்தச் சோதனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முடிவு உலர் எடைக்குக் கொடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள். மலை மண்ணில் ஈரம் அதிகம், ஈர எடைக்குச் சொன்னால் எண் குறைவாகத் தெரியும்.

இயல்பு அளவை அறிய வெளியே இருந்தும் மண் வேண்டும். இதில் நம் ஊருக்கே உரிய பொறி ஒன்று உண்டு. தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிர ஆக்ஸிகுளோரைடு பல ஆண்டுகளாகத் தெளிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒப்பீட்டு மண் எடுத்தால் தாமிரம் அங்கேயும் கூடுதலாக இருக்கும். "ஆலையால் வந்ததில்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்று எழுதிவிடுவார்கள். ஒப்பீட்டு மண்ணைச் சரிவின் மேல்பக்கம், பயிர் செய்யாத சோலையிலோ புல்வெளியிலோ எடுங்கள். பாதரசம் என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். அது காற்றிலும் போகும். ஆலைக்குப் பக்கத்துச் சோலையின் பாசியும் இலைமக்கும் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

தண்ணீரை மழை தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் எடுக்க வேண்டும். வண்டலோடு சேர்த்து எடுக்க வேண்டும். பாதரசம் நுண்மண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். தெளிந்த தண்ணீரில் தேடினால் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.001 மி.கி.யைத் தாண்டாமல் போகலாம், ஓடையின் அடிச்சேற்றில் குவிந்திருக்கும். கொடைக்கானல் ஏரியின் நீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதை ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். மீனைச் சோதிப்பது ஏன் என்றால், சேற்றின் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதுதான் உணவுச் சங்கிலியில் ஏறுவது.

படி 6: எவ்வளவு சுத்தம் போதும்?

கொடைக்கானலில் ஆண்டுக்கணக்கில் நடந்த சண்டை இதுதான். கிலோ மண்ணுக்கு 20 மி.கி. பாதரசம்வரை விட்டுவைக்கலாம் என்பது அங்கே வகுக்கப்பட்ட இலக்கு. சோலைக்குப் பக்கத்தில் அது மிக அதிகம் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

எண்கள் எப்படி மாறுகின்றன என்பதற்குக் கனடாவின் வழிகாட்டு அளவைப் பாருங்கள். விவசாயம், குடியிருப்பு, பூங்காவுக்கு 6.6 மி.கி., வணிகப் பயன்பாட்டுக்கு 24, தொழிற்சாலை நிலத்துக்கு 50. நிலத்தில் யார், எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதை வைத்து இந்த எண்கள் விரிகின்றன. குழந்தை மண்ணில் விளையாடினால் குறைவு, ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறவர் என்றால் அதிகம். தர்க்கம் சரிதான்.

இப்போது மலைக் கணக்கு. ஓர் ஏக்கரில் அரை மீட்டர் ஆழ மண் சுமார் 2,000 கன மீட்டர். ஏறக்குறைய 3,200 டன். கிலோவுக்கு 20 மி.கி. என்றால் டன்னுக்கு 20 கிராம். அந்த மண் முழுவதும் வரம்பைத் தொட்டு நின்றால், "சுத்தமான" ஓர் ஏக்கரில் 64 கிலோ பாதரசம் இன்னும் இருக்கும். தட்டையான நிலத்தில் அது அங்கேயே கிடக்கலாம். சரிவில் ஒவ்வொரு மழையும் அதில் கொஞ்சத்தை ஓடையில் இறக்கும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, அப்படி ஒரு நாளில் எவ்வளவு மேல்மண் இறங்கும் என்று யோசியுங்கள்.

அதனால் மலையில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, நிலத்தில் இருப்பவர்களுக்கானது. மற்றொன்று, அரிப்பையும் ஓடைச் சேற்றையும் கணக்கிட்டு வருவது. இரண்டில் எது குறைவோ அதுதான் இலக்கு. "இது தொழிற்சாலை நிலம்தானே" என்று ஒரே எண்ணோடு வரும் ஆலோசகரிடம் இரண்டாவது கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

படி 7: எந்த முறை?

தோண்டி ஏற்றிக் கீழே அனுப்புவது எளிது போலத் தெரியும். மேலே சொன்ன 3,200 டன்னை 10 டன் லாரியில் ஏற்றினால் 320 நடை. கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையம்வரை கொண்டுபோக வேண்டும். சிறிய அளவு, மிகக் கடுமையான மாசு என்றால் இதுவே சரி. ஏக்கர் கணக்கில் என்றால் யோசிக்க வேண்டும்.

மண்ணைக் கழுவும் முறையில் மணலும் சரளையும் சுத்தமாகி, மாசு நுண்மண்ணில் ஒதுங்கும். நுண்மண் 30 முதல் 50 சதவீதத்தைத் தாண்டினால் செலவுக்குக் கட்டாது. நம் மலைச் செம்மண்ணில் களி அதிகம் என்பதால் முதலில் மண்துகள்களின் அளவைப் பார்க்கும் சோதனை செய்துவிட்டு இந்த முறையைப் பற்றிப் பேசுங்கள். சூடாக்கிப் பிரிப்பது பாதரசத்துக்கு நன்றாக வேலை செய்யும். அதன் கொதிநிலை 357 டிகிரிக்குள்தான். ஆனால் ஆவியை முழுதாகப் பிடிக்கும் அமைப்பு இல்லாவிட்டால் மண்ணில் இருந்ததைக் காற்றில் விட்டதாகிவிடும். சிமென்ட் போன்றவற்றைக் கலந்து கட்டிப்போடுவது கன உலோகங்களுக்கு உதவும். டீசல், ஃபர்னஸ் ஆயில் கசிவுக்கு மண்ணைக் கிளறிக் காற்றூட்டி நுண்ணுயிர்களிடம் விடலாம். ஊட்டிக் குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும், சமவெளிக் கால அட்டவணையை நம்ப வேண்டாம்.

மேலே மூடிவிடுவது மலிவு. சரிவில் அதை எளிதில் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடியின் எடையும் அடியில் தேங்கும் நீரும் சேர்ந்தால் மண்சரிவுக்கு வழி. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் நடந்த மண்சரிவுகளை ஊர் மறந்திருக்காது.

மரங்கள்தான் கடினமான முடிவு. மாசுபட்ட மண்ணைப் பிடித்து நிற்பவை அவையே. எல்லாவற்றையும் வெட்டித் தோண்டினால் சரிவு அவிழும். தொடாமல் விட்டால் வேருக்கடியில் மாசு இருக்கும். நானாக இருந்தால் சோலை விளிம்பில் பெரிய மரங்களை விட்டு, சுற்றிலும் கையால் தோண்டி, மீதிக்குக் கண்காணிப்பு வைப்பேன்.

படி 8: பருவம், சாலை, வேலையாட்கள்

கொடைக்கானலுக்கும் குன்னூர், கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை முக்கியம். ஊட்டிக்கு மேற்கே தென்மேற்கு. இரண்டுக்கும் நடுவே தோண்ட வசதியான காலம் ஜனவரி முதல் ஏப்ரல்வரை. அதன் கடைசியில் சீசன் கூட்டம் வந்து சாலையை அடைத்துவிடும். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வைக்கும் அளவுக்கு. ஆகவே லாரிப் போக்குவரத்தை மார்ச்சுக்குள் முடிக்கும்படி பிரியுங்கள். ஒரு பருவத்தில் மூடி முடிக்க முடிகிற அளவு குழியை மட்டும் திறங்கள்.

வேலையாட்களுக்கு வேலை தொடங்கும் முன்பே சிறுநீர்ப் பாதரசச் சோதனை செய்து, பிறகு இடையிடையே செய்ய வேண்டும். உடலில் இருந்து அது சில மாதங்களில் இறங்கிவிடும். ஆண்டுகள் கழித்துச் சோதித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. உடுப்பு வளாகத்திலேயே மாற்றி, அங்கேயே துவைக்கப்பட வேண்டும். வீட்டுக்குப் போகக் கூடாது.

படி 9: அடுத்து என்ன வரலாம்

இப்போதுதான் இந்தக் கேள்விக்கு இடம். வீடு, பள்ளி, காய்கறித் தோட்டம் மூன்றும் மிகக் கடினமான இலக்கைக் கேட்பவை, கடைசியாக யோசியுங்கள். கிடங்கு, பணிமனை, வாகன நிறுத்தம் போன்றவை எளிது, ஆனால் தரையை மூடினால் மழைநீர் வேகமாக இறங்கும். வடிகாலையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். சோலை, புல்வெளி நாற்றங்கால் பல இடங்களுக்குப் பொருந்தும். நாற்றும் மண்ணும் வெளியே போகும் என்பதால் தொட்டி மண் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். நீலகிரியில் கட்டட உயர வரம்பு 7 மீட்டர் என்பதால், நிறைய மாடி கட்டிச் சுத்தச் செலவை எடுத்துவிடலாம் என்ற கணக்கு இங்கே ஓடாது.

வளாகத்தை ஒரே பயனுக்கு விட வேண்டியதில்லை. மேல்பகுதி கட்டடத்துக்கும், நடுப்பகுதி பசுமைக்கும், கீழ் எல்லை வண்டல் தொட்டிகளுக்கும் என்று பிரித்தால் மழையோடு சண்டை குறையும்.

படி 10: முடிந்த பிறகு

தோண்டிய குழியை மூடும் முன், சுத்தம் செய்த நிறுவனம் அல்லாத வேறு ஆய்வகம் அடியிலும் பக்கச் சுவரிலும் சாம்பிள் எடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையில். மீதி மாசு எங்கே, எந்த ஆழத்தில், என்ன செய்யக் கூடாது என்பது பத்திரப் பதிவில் ஏறி வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும். அடுத்து வாங்குகிறவர் கிணறு தோண்டும் முன் அதைப் பார்ப்பார். ஊற்று, ஓடைச் சேறு, மீன் ஆகியவற்றை ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் சோதிக்க வேண்டும். அதற்கான பணத்தை மாசாக்கியவரிடமிருந்து வேலை நடக்கும்போதே வாங்கித் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கணக்கை இயக்குபவர்களில் ஒருவர் ஓடையின் கீழே இருக்கும் ஊரிலிருந்து இருக்கட்டும்.